நல்ல சேலையில் சுற்றிப் போன நாள்

மஹய்யாவையில் எங்கள் சந்துக்குக் கீழே புது ரயில் ஸ்டேஷன் வரப்போகிறது என்று கேட்டுக் கேட்டுக் காது அலுத்துவிட்டது. அதைச் சுற்றிக் கடைகள், மாடி வீடுகள், நடைபாதை எல்லாம் வருமாம். வரட்டும். என் கவலை என் வீடு ஒன்றுதான். சந்துப் படி முடிகிற இடத்தில், தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கிறது. நானும் அவரும் கல் சுமந்து கட்டியது. காலையில் தண்டவாளத்தைத் தாண்டி டவுனுக்குப் போகிறவர்கள் என் வாசலில்தான் இடியப்பம் வாங்குவார்கள்.

ஜனங்கள் நடக்கிற வழியைப் பார்த்துத்தான் திட்டம் போடுவோம், நாளைக்கு வருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லாமல் வந்திருக்கலாம். தண்டவாளத்தைத் தாண்டுவது குற்றம் என்று அங்கே பலகை இருக்கிறது. அரசாங்க ஆட்கள் கண்முன்னே யார் தாண்டுவது? மறுநாள் சந்து முழுக்க நல்ல சேலையும் தேய்த்த சட்டையுமாக மெயின் ரோட்டைச் சுற்றிப் போனது. நானும் நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் இருந்தேன்.

"என்னாக்கா, இடியப்பம் விக்கப் பட்டுச்சேலையா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஒன் மூஞ்சிக்கு எதுக்குடி அவ்வளவு பவுடர்? போ, போ."

வந்தவர்கள் குடையோடு என் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாய் மட்டும் தாண்டிப் போனது. அவர்களும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஊரைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

பிறகு கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவரில் பெரிய வரைபடம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் நிறம் தெரியும். என் வீட்டு இடத்தில் சாம்பல் நிறம் பூசியிருந்தது.

"அது வாகனம் நிப்பாட்டுற எடம் ஆச்சி," என்றாள் அதிகாரிப் பெண். கம்பளை ஊர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. "அந்தப் பாதையால யாரும் போறல்லயே. ஒங்களுக்கு மாடியில வீடு தருவாங்க."

"மாடி ஏறி வந்து யாரு மகள் இடியப்பம் வாங்குவா?"

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றேன்.

"எல்லாரும் அந்த வழியாத்தான் போறோம். ஒங்களுக்குப் பயந்துதான் அன்னைக்குச் சுத்திப் போனோம்."

"அக்கா, உக்காருங்க! தண்டம் போட்டுருவாங்க!" என்று பக்கத்து வீட்டுக்காரி என் முந்தானையை இழுத்தாள்.

அந்தப் பிள்ளை வரைபடத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னொருக்கா வந்து பாக்கணும்னா மேல கேக்கணும் ஆச்சி."

"கேளுங்க. வந்தா சொல்லாம வாங்க."

இன்னும் யாரும் வரவில்லை. நேற்றுக் காலை கையில் பையோடு ஒரு புது ஆள் படியில் இறங்கினார். அவரைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்காரி சட்டென்று மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

"வாடி இங்க! தாண்டுடி!" என்று கத்தினேன்.

தாண்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் தாண்டினார்கள்.

அந்த ஆள் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர். என் மீட்டரைப் பார்த்துவிட்டு இடியப்பம் வாங்கிக்கொண்டு, அவரும் தாண்டித்தான் போனார். எனக்குக் கால் கடுத்தது. உள்ளே போய் அடுத்த மாவைப் பிசைந்தேன்.