ஒரு தாள் குறைவு

எங்கள் பைண்டிங் கடையில் புத்தகம் தைப்பவளை ஊசியக்கா என்போம். பேச்சும் அப்படித்தான், சுருக்கென்று குத்தும்.

குளிர்கால விடுமுறை நெருங்கினால் முதலாளியம்மாவுக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வரும். டீ நேரத்தில் எங்களை ஹீட்டரைச் சுற்றி உட்காரவைத்து, பழைய கதைப் புத்தகம் ஒன்றை உருகி உருகி வாசிப்பார். தாயைப் பார்க்க லீவு கேட்கும் வேலைக்காரப் பெண்ணைத் தன் வண்டியிலேயே அனுப்பிவைக்கும் எஜமானியின் கதைதான் அவருக்கு உயிர்.

மூன்று வருடத்துக்கு முன் ஊசியக்காவின் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது, "வேலை தலைக்கு மேல கிடக்கு, இப்பப் போய் லீவா?" என்று கேட்டவரும் இதே புண்ணியவதிதான். அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுவாரமே முதலாளியம்மா அந்தக் கதையை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் அந்தப் புத்தகம் முதுகு பிய்ந்து தையலுக்கு வந்தது. அக்கா அழகாகத் தைத்துக் கொடுத்தாள். ஒரு தாள் மட்டும் அவள் பைக்குள் போனதைப் பார்த்தேன். நான் திரும்பிப் பசையைக் கிளறினேன்.

நேற்று வாசிப்பு. கதையில் அந்த வேலைக்காரப் பெண், எஜமானி முன்னால் நின்று லீவு கேட்டாள். முதலாளியம்மா தாளைப் புரட்டினார். அங்கே வேறு கதை தொடங்கியிருந்தது. முன்னும் பின்னும் புரட்டித் தேடினார்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றாள் புதிதாகச் சேர்ந்தவள்.

ஊசியக்கா முதலாளியம்மாவை நேராகப் பார்த்தாள்.

"வேலை தலைக்கு மேல கிடந்துச்சாம். லீவு குடுக்கலையாம்."