பிள்ளையாரின் காலடியில் ஒரு ரேடார் டிடெக்டர்

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், என் தமையனின் மகளுடைய கலியாணத்துக்காக ஸ்காபரோவிலிருந்து நியூ ஜேர்சிக்குக் காரில் போனோம். ஏறக்குறைய எண்ணூறு கிலோமீற்றர். அந்தப் பாதையால் போகப்போகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் விபரம் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல, மகள் வதனி தட்டச்சு செய்கிறாள். முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்வேன். அவள் ஒரு சொல்லை விட்டாலும் பிடித்துவிடுவேன்.

காரை ஓட்டியவர் மருமகன் தயாபரன். பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வான் ஓட்டுவதுதான் அவருடைய தொழில். கை நல்ல கை, கால்தான் கனம். வேகமாக ஓடிப் பிடிபட்டு, லைசன்ஸில் பன்னிரண்டு குற்றப்புள்ளி ஏறியிருந்தது. பதினைந்து ஆனால் லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லையென்றால் பாண் வானும் இல்லை. நியூயோர்க் மாநிலத்தில் பிடிபட்டாலும் புள்ளி ஒன்ராறியோவுக்கு வந்து சேரும்.

"அப்ப மெதுவா ஓடுங்கோவன்," என்றாள் வதனி.

"நான் ஓடுவன். கால் கேக்காதே."

அதற்கு அவர் கண்ட வைத்தியம்தான் ரேடார் டிடெக்டர். பொலிஸ்காரன் வேகம் பார்க்க அனுப்பும் அலையை முன்கூட்டியே பிடித்து, கீச்சிட்டுச் சொல்லும் சின்னப் பெட்டி. ஒன்ராறியோவில் அதைக் காரில் வைத்திருந்தாலே குற்றம், பெட்டியை அணைத்து வைத்திருந்தாலும் குற்றம். எல்லை தாண்டினால் சாதாரணக் காரில் வைத்திருக்கலாம். ஆகவே போகும் வழியில் வாங்குவது என்று முடிவானது.

காலை ஏழரைக்குப் புறப்பட்டு, எல்லைப் பாலத்தில் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, பத்தேகாலுக்கு பஃபலோவில் ஒரு கடைக்குப் போனோம். மூன்று விதம் காட்டினார்கள். மலிவானது முன்பக்கம் மட்டும் கேட்கும், நகருக்குள் வீணாகவும் கத்தும். நடுத்தரம் லேசரையும் பிடிக்கும், சத்தத்தை அடக்க ஒரு பொத்தானும் உண்டு. விலை கூடியது பின்னால் வருவதையும் சொல்லும். தயாபரன் நடுத்தரத்தை எடுத்தார், தொண்ணூறு அமெரிக்க டொலர்.

பூட்டுவது சுலபம் என்றார்கள். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் வயரைச் செருகி, இரண்டு ரப்பர் கிண்ணங்களால் முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஆனால் அன்றைய குளிரில் ரப்பர் விறைத்துப்போய்க் கிடந்தது. ஒட்டும், விழும். ஒட்டும், மடியில் விழும்.

டாஷ்போர்டின் நடுவே, கண்ணாடியோரமாக, எங்களைப் பார்த்தபடி பித்தளைப் பிள்ளையார் ஒருவர் இருந்தார். கையளவு பிள்ளையார். பழைய விபத்து ஒன்றுக்குப் பிறகு வதனி அவரை அசைக்க முடியாதபடி ஒட்டிவைத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, புதுச் சாமானெல்லோ? அவற்ற காலடியில வையுங்கோ," என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டி, பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது. தயாபரன் காலை அழுத்தினார்.

பஃபலோவிலிருந்து சிரக்கியூஸ் இருநூற்று நாற்பது கிலோமீற்றர். ஒரு கீச்சும் இல்லை. "பாத்தியளே மாமா, ஒரு பொலிசும் இல்லை!" என்று அவர் சந்தோஷத்தில் பாடத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே திரும்பி ஒரு மணித்தியாலம் போயிருப்போம். ஒரு பாலத்தின் கீழிருந்து பொலிஸ் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. பெட்டி அப்போதும் வாய் திறக்கவில்லை.

வந்தவன் பனைபோல உயரம். லைசன்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே குனிந்தவன், பொட்டு வைத்த பெட்டியைக் கண்டான். பிள்ளையாரைக் கண்டான். காரின் முன்பக்கம் போய்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். தொப்பி ஆட ஆடச் சிரித்தான். பிறகு ஏதோ சொல்லிவிட்டுத் தன் காருக்குப் போனான்.

"என்னவாம், பிள்ளை?"

வதனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்பா, உது ரோட்டைப் பாக்கேல்லையாம். பித்தளைக்கு அங்கால ஒண்டும் அதுக்குத் தெரியாதாம். பஃபலோவில இருந்து பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கு."

தயாபரன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, "திங்கக்கிழமை பாணை ஆர் மாமா கொண்டுபோறது?" என்றார்.

பொலிஸ்காரன் திரும்பி வந்து ஒரு கடதாசியை நீட்டினான். வதனி அதை இரண்டு தரம் வாசித்தாள். எச்சரிக்கை மட்டும். தண்டம் இல்லை, புள்ளி இல்லை. இப்படிச் சிரித்து நாளாகிவிட்டது, மெதுவாகப் போங்கள் என்றானாம்.

"பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்," என்றார் தயாபரன்.

"மறைச்சுப் பிடிச்சுக் குடுத்தவரும் அவர்தான்," என்றாள் வதனி.

"அவரோ? காலடியில வை எண்டு சொன்னது ஆர்?"

அடுத்த பெற்றோல் நிலையத்தில் ரப்பர் கிண்ணங்களை ஹீற்றர் காற்றில் சூடாக்கி, கண்ணாடியில், பிள்ளையாருக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் வினை. வீதியோரக் கடைகளில் தானாகத் திறக்கும் கதவுகளும் அதே மாதிரி அலை அனுப்புமாம், அவற்றுக்கெல்லாம் பெட்டி கத்தியது. கத்தும்போதெல்லாம் தயாபரன் பிரேக் அடித்தார். பிளாஸ்க்கின் தேத்தண்ணி பாதி என் வேட்டியில். மாலை ஐந்துக்குச் சேர வேண்டியவர்கள் ஏழரைக்குச் சேர்ந்தோம். ஆனால் அந்த மிச்சத் தூரம் முழுவதும் அவர் அளவான வேகத்தில்தான் ஓடினார்.

திரும்பும்போது பெட்டியை ஒன்ராறியோவுக்குக் கொண்டுவர முடியாது. தமையனின் மகன் அங்கேயே இருப்பவன், அவனிடம் கொடுத்துவிட்டோம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெட்டி வாங்குவதென்றால் போகும் இடங்களின் சட்டத்தை ஒவ்வொன்றாக விசாரியுங்கள். பெட்டிக்கு முன்னால் கண்ணாடியைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது. அது பேசாமல் இருக்கிறது என்பதற்காக வீதியில் ஒருவரும் இல்லை என்று நினைக்காதீர்கள். கடவுளுக்கும் கருவிக்கும் வேறுவேறு இடம் கொடுங்கள்.

திரும்பி வரும்போது, எங்களைப் பிடித்த அதே பாலம் வந்தது. கீச்சிட ஒரு பெட்டியும் இல்லை. தயாபரன் தானாகவே காலைத் தளர்த்தி, பலகையில் சொன்ன வேகத்தில் போனார். பாலத்துக்குக் கீழே பொலிஸ் கார் நின்றது. உள்ளே அதே தொப்பிதான். கடந்ததும் தயாபரன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார்.

"ஆரைக் கும்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரையும்தான், மாமா."