மூன்றாவது கேள்வி

“கெட்டியா போச்சா, கொழகொழன்னு போச்சா?”

தையல்நாயகி இதைக் கேட்டது, இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் கம்பெனி அட்டையுமாக மீன் வாங்க வந்து நின்ற ஒருவரிடம். மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். “நாய்க்குக் கேக்கறாங்க” என்று அவராகவே திரும்பி ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு விளக்கம் கொடுத்தார். “பின்ன, உன்னையா சார் கேப்பேன்?” என்றாள் அவள், சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே.

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் அன்னக்கூடை இருக்கும். நீலாங்கரை குப்பத்திலிருந்து விடியலில் ஷேர் ஆட்டோ பிடித்து, இருநூறடி ரோட்டில் பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டி வருவாள். அந்த நேரத்தில் பனியும் குப்பைமேட்டுப் புகையும் தண்ணீர்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். ஆட்டோ அதற்குள் நுழைந்து வெளியே வரும்வரை யாரும் பேசமாட்டார்கள்.

அவள் இறங்கியதும் தெருநாய்கள் குரைப்பதை நிறுத்திவிடும். மீன் வாசனைக்கு வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தால் அதிலொன்றும் அதிசயமில்லை. இவை ஓடிவராது. இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து அவளையே பார்க்கும். பக்கத்தில் கொத்தமல்லி விற்கும் செல்வமேரி, “யக்கா, அதுங்க பாக்கறதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குதுக்கா” என்பாள்.

“வயித்தக் கலக்குதா? பால நிறுத்து.”

அவளுடைய வைத்தியத்தில் முதல் கட்டளை அதுதான். நாய்க்கு வயிறு கெட்டால் முதலில் பால் நிற்கவேண்டும், அப்புறம் பிஸ்கட், அப்புறம் ஆட்டெலும்பு. ஒருநாள் வெறும் தண்ணீர். மறுநாள் குழைந்த சோற்றில் வடிகஞ்சி. மூன்றாம் நாள் கிழங்கான் மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து வைக்கவேண்டும். வெங்காயம், பூண்டு, மிளகாய் கிட்டவே வரக்கூடாது. ஒரு சாமானை மாற்றினால் மூன்று நாள் பொறுத்துத்தான் அடுத்தது. “எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா, எது பண்ண வேலைன்னு எப்டி கண்டுபுடிப்ப?” ரத்தம் போகிறது என்று யாராவது சொன்னால் மட்டும், “எங்கைல இன்னா கேக்கற? டாக்டராண்ட ஓடு” என்று விரட்டிவிடுவாள்.

நாயையே கொண்டுவந்தால் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குனிந்து அதன் வயிற்றில் காதை வைப்பாள். கண் திறந்தே இருக்கும், இமைக்காது. எப்பேர்ப்பட்ட கடிநாயும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “வாய் பொய் சொல்லும், வயிறு சொல்லாது சார்” என்று எழுந்திருப்பாள். பிறகு இரண்டே கேள்வி: வெளியே என்ன போனது, உள்ளே என்ன போனது. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை அவள் வாழ்நாளில் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறாள்.

முதல்முறை தசரதன் வீட்டில். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில் எட்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். அவர் வீட்டுப் பொமரேனியன் ஒரு மாதமாக வாந்தி எடுத்தது. பாலை நிறுத்தியாயிற்று, எலும்பை நிறுத்தியாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. தையல்நாயகி நேரில் போய், விளக்குமாற்றுக் குச்சியால் வாந்தியைக் கிளறிப் பார்த்தாள். உள்ளே மெல்லாத இட்லித் துண்டு, மிளகாய்ப்பொடியோடு. நாய்க்கு இட்லியே போடவில்லை என்று வீடே சத்தியம் செய்தது. அவள் வாய் தானாகக் கேட்டது: “நாய்க்கு ஒண்ணுமில்ல. வூட்ல யாரு துன்னாம கீறாங்க?”

தசரதனின் மனைவி சுப்புலட்சுமி மட்டும் எழுந்து உள்ளே போனாள். சாப்பாடு இறங்காமல், வீட்டாருக்குப் பயந்து, மேஜைக்கடியில் தன் பங்கை நாய்க்குத் தள்ளிக்கொண்டிருந்தவள் அவள்தான். வயிற்றில் கட்டி. மூன்று மாதம் தாங்கவில்லை.

இரண்டாம்முறை பட்டாபிராமன் சார். ரிட்டயரானவர், புது அபார்ட்மெண்டில் தனியாள். நாய்க்காக மட்டும் மீன் வாங்குவார். மூன்று கவரில் சுற்றச் சொல்லி, மேலே கீரைக்கட்டை வைத்து மறைத்துக் கொண்டுபோவார். பால்கனியில் அதற்கென்று தனி ஸ்டவ். “ஆத்துல யாருக்கும் தெரியாது” என்று கண்ணடிப்பார். ஆத்தில் அவரைத் தவிர யாரும் கிடையாது, பாவம். அவருடைய நாய் டாலியைத் தையல்நாயகி கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் வாய்மொழி வைத்தியம்தான். இருபது நாளாகியும் டாலிக்கு வயிறு கட்டவில்லை. வாந்தியில் தயிர்சாதமாக வருகிறது என்று சொல்லிவிட்டு, “நான் போடறதே இல்லையே” என்று எங்கோ பார்த்தார் பட்டாபிராமன்.

“வூட்ல யாரு துன்னாம கீறாங்க சார்?”

அவர் சிரித்தார். கீரைக்கட்டைச் சரியாக வைத்துக்கொண்டு போனார். ஒன்பதாம் நாள் காலை அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, அவள் கூடை வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளை நாய் உட்கார்ந்திருந்தது. அது அதற்குமுன் அந்தப் பக்கமே வந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அதைத் தேடி ஓடிவந்து, சார் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னான்.

அன்றிலிருந்து அவளுக்குக் கருநாக்கு என்று பேராகிவிட்டது. “மீனக் குடு, ஒண்ணுங் கேக்காத” என்று இரண்டு கை தள்ளியே நின்று வாங்கினார்கள். “நான் கேட்டதால போனாங்களா மேரி, இல்ல போறவங்களத்தான் கேட்டனா?” என்று ஒருநாள் செல்வமேரியிடம் கேட்டாள். செல்வமேரி கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். தையல்நாயகிக்கே தெரியாது. பயந்து போயிருந்தாள்.

டாலியைக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே புருஷன் துளசிங்கம் இருக்கிறான். தோள் விட்டுப்போனதால் கடலுக்குப் போவதில்லை, வலை தைக்கிறான். டாலி வந்த நாளிலிருந்து மத்தியானம் ஒரு மணியானால் அவன் எதிரில் போய் உட்கார்ந்து, முகத்தையே பார்க்குமாம். “பேஜாரா கீதும்மே, இது இன்னா இப்டி பாக்குது?” என்றான் அவன். “சோத்துக்குத்தான் பாக்குது, வேற எதுக்கு?” என்றாள் இவள்.

ஒரு மாதத்தில் டாலிக்குக் கழிச்சல் கண்டது. வைத்தியச்சி வீட்டு நாய்க்கே வயிற்றுப்போக்கு! குப்பமே சிரித்தது. பாலை நிறுத்தினாள். வடிகஞ்சி கொடுத்தாள். கிழங்கான் பிசைந்தாள். மூன்று மூன்று நாளாக எல்லாம் மாற்றிப் பார்த்தாள், நிற்கவில்லை. அதே நாட்களில் ஒரு நல்லதும் நடந்தது. முப்பது வருஷத்தில் எச்சில் தட்டை நகர்த்திக்கூட வைக்காத துளசிங்கம், அவள் வியாபாரம் முடிந்து வருவதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். “மனுசனுக்கு இப்பத்தான் புத்தி வந்துகீது” என்று பக்கத்து வீடுகளில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

போன வியாழக்கிழமை மீன் சீக்கிரம் தீர்ந்து மத்தியானமே வீடு திரும்பினாள். வாசலில் டாலி வாந்தி எடுத்து வைத்திருந்தது. குச்சி எடுத்தாள். சிவப்பாகக் குழம்புச் சோறு, அதில் முழுசாக ஒரு சங்கராத் துண்டு. விடிகாலை அவள் கையாலேயே வெட்டி, புருஷன் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போன துண்டு.

உள்ளே தட்டு கழுவிக் கவிழ்ந்திருந்தது. துளசிங்கம் வலையோடு உட்கார்ந்திருந்தான். லுங்கிமேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டில், ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு. இளைத்த இடுப்புக்கு அதுவும் போதாமல் மூன்றாவதும் குத்தியிருந்தான். எத்தனை வீட்டு நாய் வயிற்றைப் படித்தவள், பக்கத்தில் படுக்கும் மனுஷனைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

“துன்னேம்மே” என்றான், கேட்காமலே. குரல் கரகரத்தது. சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினான். அது இறங்கக் கண்ணை மூடவேண்டியிருந்தது.

மூன்றாவது கேள்வி அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்ட இரண்டு வீட்டிலும் பாடை புறப்பட்டிருக்கிறது.

டாலியை இழுத்து வாசல் கம்பத்தில் கட்டினாள். அடுப்பில் நாய்க்கென்று வைத்திருந்த கிழங்கானை இறக்கி, முள்ளை ஒவ்வொன்றாக விரலால் தடவி எடுத்து, குழைந்த சோற்றில் இன்னும் குழையப் பிசைந்தாள். கவிழ்ந்திருந்த தட்டை நிமிர்த்தி அதில் போட்டு, அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“இது நாய் சோறாச்சேம்மே.”

“நாளைக்கு நான் கூடைய எடுக்கல. வெள்ளச் சட்டைய போட்டுக்கினு ரெடியா இரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“எதுக்கு? எனக்கு இன்னா கீது?”

வாசலில் டாலி குரைக்கவில்லை, முனகவுமில்லை. கயிறு நீளும் மட்டும் வந்து உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தையல்நாயகி கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டை உருட்டி, வலக்கையால் அவன் வாயருகே நீட்டினாள். இடக்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.