வெளிச்சம் போதாத கார்

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர். மின்பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் கை வைத்த பலகையில் ஃபியூஸ் போய், பிரசவ வார்டு முழுக்க இருண்டது. இரண்டு குழந்தைகள் டார்ச் வெளிச்சத்தில் பிறந்தன. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் எந்த வார்டையும் இருட்டில் விட்டதில்லை. அதை ஒப்புக்கொண்டவர்களும் பெயரை மட்டும் விடவில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை. போனை எடுத்தால், "ஃபியூஸ் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீட்டர். பாதி வழி ஏரிக்கரைச் சாலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் என்பதால் ஐந்தேகாலுக்கே காரை எடுத்துவிடுவார். கார் பழையது. ஆனால் அவர் கையில் இருந்ததால் சொன்ன பேச்சைக் கேட்கும். பிரேக்கோ ஆயிலோ, எதற்கும் வெளி மெக்கானிக்கைத் தேடிப் போனதில்லை. "ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பார், தலைவலின்னா ஒரு மாத்திரை போட மாட்டார்" என்பாள் அவர் மனைவி. அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். கத்தரிக்கோலும் வாயும் ஒரே கூர்மை.

அந்த வருஷம் பனி இறங்க ஆரம்பித்த வாரத்தில், கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கார் லைட்டு மங்கிப் போச்சு. ரோடே தெரியல."

"போன வருஷம் தெரிஞ்சுதே?"

"போன வருஷ பல்பு இந்த வருஷமும் அப்படியேவா இருக்கும்?"

நியாயமான பேச்சு. வேலை ஆரம்பித்தது. முதலில் முன்விளக்கின் கண்ணாடி. வெயில் பட்டுப் பட்டு அது பழுப்பேறியிருந்தது. தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, இன்னும் மெல்லிய தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தார். ஞாயிறு பிற்பகல் முழுக்க அதற்கே போயிற்று. கண்ணாடி புதிதாக வாங்கியதுபோல் மின்னியது. எதிர் வீட்டு டைப்பிஸ்ட் மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன ஃபியூஸ், காருக்குக் கல்யாணமா?" என்றார். இவரும் சிரித்தார்.

மறுநாள் திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. "பத்தல" என்றார்.

அடுத்த ஞாயிறு பழைய மஞ்சள் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டார். அதற்கும் அடுத்த வாரம் பம்பருக்குக் கீழே இரண்டு பனிவிளக்குகள். அதை அவர் செய்த நேர்த்தியைச் சொல்லத்தான் வேண்டும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் ஃபியூஸ், ரிலே, ஸ்டியரிங் பக்கத்தில் தனி ஸ்விட்ச். சூடான பாகம் எதிலும் உரசாமல் ஒயரைக் குழாய்க்குள் விட்டு, ஒரு ஜாண் இடைவெளிக்கு ஒரு கட்டு. கம்பெனியில் போட்டது மாதிரி இருந்தது. எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் போல்ட் போட்டார். கை வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நாட்களில் வீட்டுக்குள் வேறு சில காரியங்களும் நடந்தன. மேஜை ஓரத்தில் வைத்த டம்ளர் இரண்டு தடவை அவர் முழங்கை பட்டு விழுந்தது. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். தையல் மெஷின் பக்கத்திலிருந்த முக்காலியில் கால் தடுக்கி விழப் போனார். "இதை யார் இங்க வச்சது?" என்று கத்தினார். முக்காலி பத்து வருஷமாக அங்கேதான் இருந்தது. அவள் அதை உள்ளறைக்கு எடுத்துப் போனாள். வயசு ஐம்பத்திரண்டாகிறது, கவனம் சிதறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பனிவிளக்கைப் போட்ட மாலை, பொழுது சாயும் நேரத்தில், விளக்குகளின் கோணம் பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் எட்டடி தூரம்தான் கிடைக்கும், இருபத்தைந்தடி வேண்டும் என்று பின்பக்கச் சந்துக்கு ஓட்டிப் போனார். அங்கே ஒரு கிடங்கின் நீளமான வெள்ளைச் சுவர். விளக்கின் மையம் எந்த உயரமோ அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். வெளிச்சம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும், மேலே ஏறினால் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும் என்று மனைவியிடம் விளக்கினார். அவளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டார்.

சுவர் பளிச்சென்று பற்றிக்கொண்டது.

"ஓரத்துக்கு வரவே இல்லையே" என்றார் உள்ளிருந்து.

"எந்த ஓரத்துக்கு?"

"ரெண்டு பக்கமும். நடுவுல மட்டும் வட்டமா விழுது. மூலையெல்லாம் இருட்டா இருக்கே."

அவள் இடது மூலையைப் பார்த்தாள். சுவரில் ஊர்ந்து போன எறும்பு தெரிந்தது. வலது மூலைக்கு நடந்து போனாள். அங்கே சுண்ணாம்பு உரிந்த இடத்தில் செங்கல்லின் நிறம் தெரிந்தது.

"எல்லா இடத்துலயும் பகல் மாதிரிதான் இருக்குங்க."

"நீ கிட்ட நிக்கிற, அதான்."

அவர் இறங்கி வந்து, திருப்புளியால் விளக்கை ஒரு திருகு மேலே ஏற்றினார். மறுபடி போய் உட்கார்ந்தார். மறுபடி ஒரு திருகு. வெளிச்சம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி மேலே போயிற்று. "கோட்டுக்குக் கீழன்னு சொன்னீங்களே?" என்று அவள் கேட்டாள். "இப்பதான் கொஞ்சம் பரவாயில்ல" என்றார். அவள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். வெளிச்சத்துக்குப் பின்னால் கணவரின் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை. ஏரிக்கரையில் பனி பஞ்சுப் பொதி மாதிரி கிடந்தது. ஐந்தரை மணி. நான்கு விளக்குகளையும் போட்டுக்கொண்டு, நிதானமான வேகத்தில்தான் போனார். மர அறுவை ஆலையைத் தாண்டும் இடத்தில் இடது பக்கம் ஒரு சந்து வந்து சேரும். சாலை காலியாக இருந்தது. அவருக்குத் தெரிந்த வரையில் காலியாகத்தான் இருந்தது.

இடது பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். பிறகு இரும்பு தரையில் இழுபடும் சத்தம்.

இறங்கிப் போய்ப் பார்த்தார். சைக்கிள் ஒன்று மடங்கிக் கிடந்தது. சாலை நிறையச் செய்தித்தாள்கள். அவர் போட்ட விளக்கில் தலைப்புச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம், அத்தனை வெளிச்சம். அதன் நடுவே பேப்பர்காரம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பகுதியில் இருபது வருஷமாகப் பேப்பர் போடுகிறவர். அவர் வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அவர் அழவில்லை. ஆச்சரியப்பட்டவர் மாதிரி இவரையே பார்த்தார்.

"இத்தனை வெளிச்சம் போட்டுட்டு வர்றீங்க" என்றார். "தூரத்துலேயே பார்த்தேன். நம்மளைப் பார்க்காமலா இருப்பாங்கன்னுதானே சார் திரும்பினேன்?"

இவர் தன் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு ஆம்புலன்ஸ் வரவழைத்தார். அது வரும்வரை பேப்பர்காரம்மாவின் தலையை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெரிந்த முகம். சைக்கிளில் விளக்கு இல்லை, சந்திலிருந்து நிற்காமல் திரும்பியிருக்கிறார், கார் நிதான வேகம், விளக்குகள் எரிந்திருக்கின்றன. "உங்க பேர்ல தப்பில்லன்னு எழுதிடுறேன், கவலைப்படாதீங்க" என்றார். போலீஸ்காரர் காட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளில் காரின் படத்தை வரைந்துகொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் சின்ன விளக்கு ஒவ்வொன்று பொருத்தினால் சந்துகள் தெரியும். ரிலே இருக்கிறது, ஒயர் இருக்கிறது. பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள் அவள், இடது தோளுக்கு மிக அருகிலிருந்து.

திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் கையில் காபி டம்ளர் இருந்தது. ஆவி நின்று போயிருந்தது.

"எப்ப வந்த?"

"ரொம்ப நேரமாச்சுங்க." "டம்ளரை உங்க காதுக்கிட்ட நீட்டிக்கிட்டே நிக்கிறேன். நீங்க திரும்பவே இல்ல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நேரா என் மூக்கைப் பாருங்க" என்று எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களை அசைத்தபடி மெல்ல மெல்ல உள்ளே கொண்டு வந்தாள். தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கைகள் அவள் காதுகளைத் தொடுகிற அளவுக்கு வந்த பிறகுதான் அவர், "ம்" என்றார்.

கண் பிரிவு டாக்டரம்மா அவருக்கு நன்றாகத் தெரிந்தவர். மறுநாள் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது ஒளிப்பொட்டு மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் காத்திருந்தார். எப்போதாவது ஒன்று மின்னியது, அழுத்தினார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"டாக்டரம்மா, இதுல பாதி பல்பு போயிருச்சு போலிருக்கு" என்றார் பெட்டிக்குள் இருந்தபடியே. "கழட்டிப் பார்க்கட்டுமா?"

டாக்டர் பெட்டியின் மறுபக்கத்திலிருந்து சொன்னார்: "போன மாசம் நீங்கதானே அண்ணே இதைச் சரி பண்ணிக் கொடுத்தீங்க? நல்லாத்தான் இருக்கு."

கண்ணுக்குள் அழுத்தம். வலிக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். போனது போனதுதான். இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். கார் ஓட்டவே கூடாது. டாக்டர் சொல்லச் சொல்ல, அவர் மேஜை மேலிருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக இருக்கும் என்று கேட்டார். "நாலஞ்சு வருஷமா இருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த நாலைந்து வருஷமும் ஏரிக்கரையில் தன் இடது பக்கம் என்னென்ன வந்து, ஒதுங்கிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார்.

அன்று பிற்பகல் இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனார். பேப்பர்காரம்மா காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். அவர் தங்கை பக்கத்தில் இருந்தாள்.

"தப்பு உங்க மேல இல்லம்மா" என்றார் இவர். "எனக்குக் கண்ணு ஓரமா தெரியல. நேத்து வரைக்கும் எனக்கே தெரியாது."

பேப்பர்காரம்மா அவரை உற்றுப் பார்த்தார். "தெரியவே தெரியாதா?"

இவர் தலை குனிந்தார். பொய்யோடு வெளியே போய்விடலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது.

"சுவத்துல லைட்டு அடிச்சுப் பார்த்தப்போ, எல்லாம் தெரியுதுன்னு வீட்டுல சொன்னாங்க. எனக்குத் தெரியல. அப்பவே மனசுல என்னமோ தட்டிச்சு. அதைக் கேட்காம திருப்புளியை எடுத்தேன்."

தங்கை, "நல்லா இருக்கே நியாயம்!" என்று எழுந்தாள். பேப்பர்காரம்மா அவளைக் கையமர்த்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "இதை என்கிட்ட சொல்லி என்ன பண்றது? போலீஸ்ல போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். போலீஸ்காரர், "எழுதி முடிச்சதை ஏன் சார் கிளர்றீங்க?" என்று அலுத்துக்கொண்டார். இவர் விடவில்லை. பழைய அறிக்கையை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வைத்தார். லைசென்ஸ் போயிற்று, வழக்கு வந்தது, தண்டனையும் வந்தது. ஆஸ்பத்திரியில் அவரை ஏணி ஏறும் வேலையிலிருந்து மாற்றி, பகல் நேரத்தில் பழுதுபார்க்கும் மேஜைக்கு அனுப்பினார்கள். பேப்பர்காரம்மாவின் கால் கூடியது. ஆனால் சைக்கிள் ஏற முடியவில்லை. பேருந்து நிறுத்தத்துப் பேப்பர் கடையில் உட்கார்ந்து கட்டுப் பிரிக்கிறார். இவர் தினமும் அங்கே ஒரு பேப்பர் வாங்குவார். அவர் மீதிச் சில்லறையைக் கொடுப்பார். முகத்தை நிமிர்த்த மாட்டார்.

காரை விற்கும்போது, பழையது மாதிரியே ஒரு மஞ்சள் பல்பைத் தேடி வாங்கிப் போட்டு, கோட்டுக்குக் கீழே வெளிச்சம் விழுகிறதா என்று மனைவியைப் பார்க்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தார். வாங்க வந்தவர் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "லைட்டு கொஞ்சம் டல்லா இருக்கே?" என்றார்.

"முதல்ல கண்ணைச் சோதிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. வாங்க வந்தவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

இப்போது அவர் பேருந்தில்தான் போகிறார். நிறுத்தத்துக்குப் பத்து நிமிஷ நடை. பனிக்காலக் காலைகளில் மனைவியும் கூட வருகிறாள், அவருடைய இடது பக்கமாக. எதிரே எங்காவது வெள்ளை வெளேரென்று விளக்குப் போட்டுக்கொண்டு ஒரு கார் வந்தால், மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள். இவர் மட்டும் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையை விட்டே இறங்கி, ஓடைச் சரிவில், ஈரப் புல்லில், அது கடந்து போகும்வரை அசையாமல் நிற்பார்.

"கார்க்காரருக்கு நாம வர்றது தெரியுமேங்க" என்பாள் அவள், நனைந்த செருப்பைப் பார்த்தபடி.

"தெரியாது" என்பார் அவர்.