அக்காவின் ஆள்காட்டி விரல்

சாப்பிட்டு முடித்ததும் அக்கா தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தட்டை என் மனைவிதான் கழுவுகிறாள். அக்கா கல்யாணம் வேண்டாமென்று எங்களோடு இருப்பவள். இருக்கட்டும், அதில் குறையில்லை. என் வயிற்றெரிச்சலெல்லாம் அந்த விரல்தான்.

இடது கை ஆள்காட்டி விரல். அந்த விரல் பாத்திரம் தேய்க்காது, துணி பிழியாது, சூடான எதையும் தொடாது. கதவைக்கூட முழங்கையால் தள்ளுவாள். படுக்கும் முன் எண்ணெய் தொட்டு அந்த ஒரு விரலை மட்டும் நீவிவிடுவாள். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் வெந்நீர்ப் பானை தூக்கியவள் என் மனைவி. பக்கத்தில் நின்று துண்டு நீட்டியவள் அக்கா. நான் லேத் பட்டறைக்காரன், பத்து விரலும் காய்ப்பும் வெட்டும்தான். எனக்கு எரியாதா?

கேட்டால், “என் விரலாடா அது? ஆண்டவர் பாத்துக்கச் சொல்லிக் குடுத்தது” என்பாள்.

“எங்க விரலெல்லாம் என்ன, சந்தையில வாங்குனதா?”

“உன்னுதுக்கு நீ பதில் சொல்லு. என்னுதுக்கு நான் சொல்லிக்கறேன்.”

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ் அவள். ‘ஊசி அக்கா’ என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். பேதியில் வற்றிப்போன குழந்தைக்கு நரம்பு கண்ணில் படாது. டாக்டர்கள் நாலு இடம் குத்திப் பார்த்துவிட்டு இவளைத் தேடுவார்கள். கையுறை மாட்டும் முன் கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலால் தடவுவாள். “இந்தா ஒளிஞ்சிருக்கான் திருட்டுப்பய” என்பாள். அப்புறம் ஒரே குத்து.

சர்ச்சில் பாதி ஜெபத்தில் கூப்பிட்டாலும் எழுந்துவிடுவாள். வண்டி நான்தான் எடுக்கவேண்டும். முணுமுணுத்தால், “ஆண்டவர் எங்கயும் போயிட மாட்டாரு. கொழந்ததான் போயிடும்” என்பாள்.

எங்கள் அடுப்பில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லி நாலு மாதம். போன மாதம் அது சாய்ந்து, கொதிக்கிற பானை சரிந்தது. கீழே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் தலையில் விழுந்திருக்கும். பக்கத்தில் நின்ற அக்கா தாங்கிப் பிடித்தாள். இடது கையால்.

“அந்தக் கையாலயா அண்ணி பிடிப்பீங்க” என்று என் மனைவி அழுதாள்.

“எது கிட்ட இருந்துச்சோ அது போச்சு. தண்ணி ஊத்து.”

எனக்குத்தான் அடங்கவில்லை. “என் பொண்டாட்டிய வேலைக்காரியாக்கிக் காப்பாத்துன விரலு. ஒரு நொடியில வெந்நீருக்குக் குடுத்துட்டியே. இப்ப என்னத்தச் சொல்லுவ உன் ஆண்டவருக்கு?”

“இத்தன வருஷம் அதக் காப்பாத்துனவ அவதானடா. அவளுக்கே போயிருக்கு, விடு.”

அடுப்புக் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் நானும் நாலு பேச்சுப் பேசி ஆறியிருப்பேன்.

புண் ஆறிவிட்டது. விரல் நுனியில் புதுத்தோல் தடித்து மழமழவென்று கிடக்கிறது. நாளை விடுப்பு முடிகிறது. இன்று காலை ஊசி, ரப்பர் பட்டை, பஞ்சு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி என்னைக் கூப்பிட்டாள்.

“சட்டைக் கைய மடிச்சு விடுடா. இந்த விரலுக்கு நரம்பு தெரியுதா இல்லையான்னு பாக்கணும். தெரியலன்னா வேற வார்டு கேட்டு எழுதிக் குடுத்துடுவேன். பச்சக்கொழந்த மேல சோதிக்க மாட்டேன்.”

“என் கைதான் கெடச்சுதா?”

“இந்த வீட்டுலயே கொழுப்பு உனக்குத்தான். ஒளிஞ்சிருக்கற நரம்பக் கண்டுபிடிச்சாத்தான் கணக்கு.”

இரும்பைச் சீவுகிற எனக்கு ஊசி என்றால் நடுக்கம். அது அவளுக்குத் தெரியும். அடுக்களை வாசலில் என் மனைவி ஈரக்கையோடு நின்றாள்.

அக்கா பட்டையை இறுக்கிக் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, தடித்த விரலை என் முழங்கை மடிப்பில் வைத்தாள். அது நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது. திருட்டுப்பயலை அவள் இன்னும் கூப்பிடவில்லை.

“முஷ்டிய மடக்குடா” என்றாள்.

ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது. இன்னும் இறுக்கினேன்.