நூற்று நாற்பது ராஜாக்கள்

அந்த டிரம் தொழிற்சாலையின் கடைசி மேசை அவளுடையது. ஒட்டி, துளையிட்டு, தோல் மாட்டி வருகிற ஸ்நேர் டிரம் ஒவ்வொன்றையும் அவள் குச்சியால் தட்டிக் கேட்பாள். சரியாக இருந்தால் பக்கவாட்டுத் துளை வழியே நீளக் காம்பை விட்டு, உள்பக்கத்தில் தன் எண் உள்ள முத்திரையைக் குத்துவாள். அதன்பிறகுதான் அது பெட்டிக்குள் போகும். பதினாறு வருடமாக அவள் எண் இருபத்தேழு. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் ‘காதுக்காரி’. "ஊர் டிரம்மெல்லாம் கேக்குது, நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்பார் கணவர்.

நிறுவனம் மூன்று தரத்தில் ஸ்நேர் செய்தது. விலைப்பட்டியலில் எண்கள்தான், தொழிலாளிகள் வைத்த பெயர் குழந்தை, மாப்பிள்ளை, ராஜா. குழந்தைக்கு மலிவான கலப்பு மரம். ஓங்கி அடித்தால் சத்தம் வரும், மெல்லத் தொட்டால் ஊமை. மாப்பிள்ளைக்கு பிர்ச் மரம். ஆள் பார்க்க மிடுக்கு, நடுவில் அடித்தால் நல்ல பேச்சு, ஓரத்துக்குப் போனால் தடுமாறும். ராஜாவுக்கு மேப்பிள் மரம், தோலை இறுக்கிப் பிடிக்கக் கனமான வார்ப்பு வளையம். மேல்தோலில் விரல் நகம் பட்டாலே போதும், அடித்தோலை ஒட்டிக் கட்டியிருக்கும் கம்பிகள் சிலிர்த்துக்கொள்ளும்.

அவள் தம்பி ஒரு ஹோட்டலில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தான், அதுவும் பழைய குழந்தையில். பெரிய இசைக்குழு ஒன்று ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்ததும் அக்காவிடம் ஓடிவந்தான்.

"மாப்பிள்ளை போதாதாக்கா?"

"போதாது. அங்க மெதுவா வாசிக்கச் சொல்வாங்க. அந்த இடத்துல அது காலை வாரிடும். வாங்கினா ராஜா வாங்கு."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அன்றைக்கு.

அடுத்த மாதம் மேப்பிள் வரவில்லை. மேலாளர் ஒருநாள் காலையில் வந்து, மாப்பிள்ளை உடல்களுக்கு ராஜாவின் வளையத்தையும் பெயர்த்தகட்டையும் மாட்டச் சொன்னார். அப்படி நூற்று நாற்பது டிரம்கள் அவள் மேசைக்கு வந்தன. முதல் டிரம்மைத் தட்டியவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், இது மாப்பிள்ளை."

"மேல கிரீடம் வச்சாச்சு இல்லம்மா? ராஜாதான்."

"நான் எப்படி சார் முத்திரை போடறது?"

"நீங்க போடலைன்னா பக்கத்து மேசையில போடுவாங்க. நாளையிலேர்ந்து அவங்களே போடுவாங்க." பிறகு அவரே குரலைத் தணித்தார். "எனக்கும் மேலேர்ந்து வர்ற உத்தரவுதாம்மா. எல்லாம் கப்பல்ல போற சரக்கு. யாரோ எங்கயோ வாசிக்கப் போறாங்க."

அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். யாரும் திட்டவில்லை, யாரும் ஆதரவாகவும் வரவில்லை. பெட்டி கட்டுகிறவர்கள் கைகட்டி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முத்திரையைக் கையில் எடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தம்பி பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். முகமெல்லாம் பல். "சொல்லாம வாங்கினேன்கா. ராஜா!"

கப்பலில் போகாத சரக்கும் இருந்திருக்கிறது. பக்கவாட்டுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே பிர்ச் மரம். அதன்மேல் இருபத்தேழு.

"எப்படி?" என்றான்.

"நல்லா இருக்கு" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவன் இராப்பகலாகப் பயிற்சி செய்தான். மெல்ல வாசிக்கும் இடம் மட்டும் சேறாகக் குழம்பியது. "டிரம்ல குறை இருக்காது, நீ பாத்து அனுப்பினது. என் கைதான்கா சரியில்ல" என்றான். இரண்டாவது வாரம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். "முதல் நாளே சொல்லியிருந்தா இந்தக் கையாவது மிஞ்சியிருக்கும்" என்றான்.

மறுநாள் அவள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். சண்டை போடத் தயாராகத்தான் போனாள். அவரோ, "உங்க தம்பிக்கா? கேள்வியே இல்ல" என்று உடனே வேறொன்றைக் கொடுக்கச் சொன்னார். கிடங்கிலேயே தட்டிப் பார்த்தாள். அதுவும் மாப்பிள்ளை. அதற்கு அடுத்ததும். கிடங்குக்காரர் தலையைச் சொறிந்தார். "இருக்கிற ராஜா அத்தனையும் இதே கதைதாம்மா. எதை எடுத்துக் கொடுக்கட்டும், சொல்லுங்க."

தம்பி அந்த டிரம்மோடும் பாதி ஆறிய கையோடும்தான் தேர்வுக்குப் போனான். முதல் சுற்றைத் தாண்டினான். இரண்டாவதில், மெல்லிய வாசிப்பில் தெளிவு போதாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரமே மேப்பிள் வந்து இறங்கியது. அதில் செய்த முதல் ராஜாவை மேலாளர் தானே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அப்பழுக்கில்லாத டிரம். தம்பி வாங்கிப் பார்த்தான், "நல்லா பேசுதுக்கா" என்றான். ஹோட்டலில் இப்போது அதைத்தான் வாசிக்கிறான். அந்த இசைக்குழு இனி மூன்று வருடம் கழித்துத்தான் ஆள் எடுக்கும். அதற்குள் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இருவருக்கும் அது தெரியும்.