மஞ்சள் ரவிக்கையின் கை

தையல் கடை வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: நம்மிடம் வருகிறவர்கள் அளவோடு சேர்த்து வீட்டுச் சண்டையையும் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

போகும்போது

பூண்டுலோயா பஜாரில் என் கடை. மேல் தேயிலைத் தோட்டத்துச் செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது, கையும் கழுத்தும் மூடிய சட்டைகள் தைக்கச் சொன்னாள். ஏஜென்ட் உத்தரவு. அங்கே பொட்டு வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தான். அவள் கூட வந்திருந்த மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சொன்னது: "மொதல்ல வீட்டுக்குக் கூரையப் போடு புள்ள, மத்தத சாமி பாத்துக்கும்."

வந்த பிறகு

கூரை போட்டாயிற்று. செல்வியும் திரும்பி வந்து, திருவிழாவுக்கு மஞ்சள் ரவிக்கை கேட்டாள். குவைத்தில் காய்ச்சலில் தனியாகக் கிடந்தபோது மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறாள். பிழைத்ததே அதனால்தான் என்று நம்பினாள். கையை முழங்கைக்குக் கீழே இறக்கி வைக்கச் சொன்னாள். திருவிழாவுக்கு யாரம்மா இப்படிப் போடுவார்கள் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. "பழகிருச்சுக்கா. கை தெரிஞ்சா யாரோ பாக்குற மாதிரியே இருக்கு."

மாற்றித் தைத்தது

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் மாமியார் அதே ரவிக்கையோடு வந்தார். கூடவே செல்வியின் நாத்தனார். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது, குவைத்து வீட்டில் மாட்டிறைச்சி சமைத்ததைச் செல்வி வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். கதை கோயில் கமிட்டி வரை போய்விட்டது. அவளுக்குக் காப்புக் கட்ட முடியாது என்றார்களாம். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது, அதனால் தன் மகள் பால்குடம் தூக்கட்டும் என்றார் மாமியார்.

"சமைச்ச அந்தக் கை போட்ட கூரைக்குக் கீழதானே படுக்குறீங்க?" என்று கேட்டேவிட்டேன். "கூர வேற, கோயில் வேற" என்றார்.

நாத்தனாருக்குக் குட்டைக் கைதான் வேண்டுமாம். கத்தரிக்கோலை எடுத்தேன். செல்வி பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. வெட்டிய துணி கீழே விழுந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "அங்க காய்ச்சல்ல மாரியாத்தான்னு கத்துனது நாந்தானேக்கா?"

ஒருத்தியின் ரவிக்கையை இன்னொருத்திக்குப் பொருந்தும்படி மாற்றித் தைக்க எனக்கு அரை மணி நேரம் போதும். ஒருத்தியின் வேண்டுதலை மாற்றித் தைக்க அந்தக் கமிட்டிக்கு அதுகூடத் தேவைப்பட்டிருக்காது.